கை வேலையும் படிப்புதான் – ஆனால் யாருக்கு, எதற்கு?

இந்த மாதப் பாடம்



ஆம்பூர் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்தது. கடன் தவணையும் எழுதியாச்சு. கிளம்புகிற நேரத்தில் பிள்ளைகள் படிப்பு பற்றிப் பேச்சு வந்தது. "பள்ளிக்கூடத்தில் கை வேலையும் சொல்லித் தரணும், அதுவும் படிப்புதான்" என்று நான் சொன்னேன். உடனே ஒரு அக்கா எழுந்து கேட்டார்:

"இன்னா மேடம் இப்படிச் சொல்றீங்க? என் மாமனார் தோல் ஷாப்ல சுண்ணாம்புத் தொட்டியில நின்னாரு. என் வீட்டுக்காரரும் அதே வேலைதான். நான் ராத்திரி பகல்னு ஷூ அப்பர் தைக்கிறேன். எங்க கை பட்ட பாடு போதாதா? எம் பொண்ணு பேனா பிடிக்கட்டும்னுதானே பள்ளிக்கு அனுப்புறேன். அங்கயும் ஊசியா?"

கூட்டத்தில் யாரும் பேசவில்லை. எல்லார் மனசிலும் இருந்ததைத்தான் அந்த அக்கா கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அன்றைக்கு முழுப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் அந்தக் கேள்வியையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1953-ல் ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தார். அப்போது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி. மீதி நேரம் அப்பா அம்மா செய்கிற தொழிலை வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளியும் ஆசிரியரும் குறைவு, இரண்டு ஷிப்ட் வைத்தால் நிறையப் பிள்ளைகள் படிக்கலாம் என்று அரசு காரணம் சொன்னது.

மக்கள் அதை வேறு விதமாகப் பார்த்தார்கள். துணி வெளுப்பவர் பிள்ளை துணி வெளுக்கணும், முடி வெட்டுபவர் பிள்ளை முடி வெட்டணும், தோல் வேலை செய்பவர் பிள்ளை தோல் தொட்டியிலேயே நிற்கணும் என்றுதானே இதற்கு அர்த்தம்? பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்து எதிர்த்துப் போராடினார்கள். காங்கிரஸ் கட்சிக்குள்ளேயும் எதிர்ப்பு வந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் மாதம் காமராஜர் முதலமைச்சர் ஆனார். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகுதான் கிராமம் கிராமமாகப் பள்ளிகள் பெருகின, மதிய உணவும் வந்தது.

ஆக, "கை வேலை" என்ற சொல்லைக் கேட்டதும் நம் வயிற்றில் புளி கரைக்கிறது என்றால் அது தப்பு இல்லை. நம் தாத்தா பாட்டி காலத்துச் சூடு அது.

இரண்டும் ஒன்றா?

இப்போது ஒன்றை நிதானமாக யோசிப்போம். அப்பா செய்த வேலையைப் பிள்ளை தலையில் கட்டுவது ஒன்று. எல்லாப் பிள்ளைகளும் தன் கையால் ஒரு பொருள் செய்து, அதன் வழியாகப் பாடம் படிப்பது வேறொன்று. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான்கு கேள்வி கேட்டால் போதும்.

1. எல்லாப் பிள்ளைகளும் செய்கிறார்களா, குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகள் மட்டுமா? பெண்பிள்ளைகள் மட்டுமா?
2. படிக்கிற நேரத்தை அது தின்கிறதா, பாடத்துக்கு உதவுகிறதா?
3. செய்த பொருளால் யாருக்காவது லாபம் போகிறதா?
4. "ஏன் இப்படி ஆகுது?" என்று பிள்ளை கேட்க இடம் இருக்கிறதா?

முதல் கேள்வியில் நான் படித்த பள்ளியே தேறாது. தையல் பீரியட் என்றால் நாங்கள் பெண்பிள்ளைகள் கைக்குட்டை ஓரம் அடிப்போம். ஆண்பிள்ளைகள் மைதானத்தில் விளையாடுவார்கள். அவர்களுக்குப் பட்டன் தைக்கத் தெரியாமல் போனது, எங்களுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாமல் போனது. இரண்டு பேருக்கும் நஷ்டம்தான்.

செருப்புத் தைத்த வக்கீல்

காந்தி தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தவர். 1910-ல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் 'டால்ஸ்டாய் பண்ணை' என்று ஒரு குடியிருப்பு அமைத்தார்கள். அங்கே தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. காந்தியின் நண்பர் காலன்பாக் கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் காந்தி கற்றார், மற்றவர்களுக்கும் சொல்லித் தந்தார். பண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் படிப்போடு கை வேலையும் செய்தார்கள். ஆசிரியர் தான் செய்யாத வேலையைப் பிள்ளைக்குத் தரக் கூடாது என்பது அங்கே பழக்கம். தன்னைச் சிறையில் வைத்த ஸ்மட்ஸ் என்ற தலைவருக்கே காந்தி ஒரு ஜோடி செருப்புத் தைத்துக் கொடுத்தார்.

இதில் நமக்கு என்ன பாடம்? காந்தி பிறந்தது வணிகர் சாதியில். தோலைத் தொடுவது இழிவு என்று நினைத்த காலம் அது. தோல் வேலை செய்யாத வீட்டில் பிறந்தவர் தோலைத் தொட்டுக் கற்றுக்கொண்டார். குலக்கல்வி சாதியைக் கெட்டியாக்கும். இது அந்தக் கட்டை உடைக்கிறது.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி ஒரு கல்வி மாநாடு கூட்டினார். நூற்பு, நெசவு, விவசாயம், தச்சு போன்ற ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து அதன் வழியாகக் கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் சொல்லித் தர வேண்டும் என்றார். ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் எழுதியது. நம் ஊரில் இதை 'ஆதாரக் கல்வி' என்பார்கள். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே தொடங்கிய காந்திகிராமத்தில் இந்த வழிக் கல்வி நடந்தது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் செய்த பொருளை விற்றுப் பள்ளிச் செலவைச் சமாளிக்கலாம் என்று காந்தி நினைத்தார். பள்ளியே வேலைக்கூடம் ஆகிவிடும் என்று அப்போதே சிலர் எதிர்த்தார்கள். அந்த எச்சரிக்கை சரியானது. நம் மூன்றாவது கேள்வி அதற்காகத்தான். பின்னால் பல பள்ளிகளில் தக்ளியைச் சுற்றுவதோடு விஷயம் முடிந்துபோனது. ஏன், எதற்கு என்ற கேள்வி இல்லாமல் நூல் மட்டும் நூற்றால் அது பாடம் ஆகாது.

வேலூரில் நடந்தது

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி நமக்கெல்லாம் தெரியும். அங்கே 1946-ல் டாக்டர் பால் பிராண்ட் என்பவர் வந்தார். கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன்னால் இங்கிலாந்தில் கட்டட வேலை, தச்சு வேலை எல்லாம் பழகியவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து திரும்ப வேலை செய்ய வைத்தார். எலும்பையும் நரம்பையும் தொடுகிற கைக்கு உளி பிடித்த பழக்கம் உதவியாக இருந்தது.

சிகிச்சை முடிந்தவர்களை யார் வேலைக்கு எடுப்பார்கள்? 1951-ல் வேலூரில் 'நவ ஜீவ நிலையம்' தொடங்கினார்கள். அங்கே தச்சு வேலை கற்று மர பொம்மைகள் செய்தார்கள். அடுத்து ஒரு சிக்கல். தொழுநோயாளிக்குக் காலில் உணர்ச்சி இருக்காது. முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆறாது. கால் புண்ணுக்கு மருந்து மட்டும் போதவில்லை, சரியான செருப்பு வேண்டியிருந்தது. மெத்தென்ற ரப்பரில் தனிச் செருப்பு உருவானது. காட்பாடி பக்கம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் செருப்புப் பட்டறையே உண்டு. டாக்டர் சொன்னதும் செருப்புத் தைப்பவர் அறிந்ததும் சேர்ந்துதான் பல பேருடைய காலைக் காப்பாற்றியது. செருப்புத் தைக்கிற அறிவைச் சின்ன அறிவு என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயமும் நம் மாவட்டத்தோடு சம்பந்தப்பட்டது. கடனுக்காகப் பீடி சுற்ற அடகு வைக்கப்பட்ட பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். 1990-களில் அவர்களை மீட்கும் வேலை நடந்தது. வேலூர் ஆட்சியராக இருந்து அந்த வேலையில் ஈடுபட்டவர் எம்.பி. விஜயகுமார். அவர் பின்னால் சென்னை மாநகராட்சி ஆணையரானபோது, 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. பிள்ளைகள் தரையில் சின்னக் குழுவாக உட்கார்ந்து, அட்டைகளைத் தாங்களே எடுத்து, செய்து பார்த்துப் படித்தார்கள். சுவரின் கீழ்ப்பக்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத இடம் இருந்தது. 2007-08-ல் இது தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிறகு முறைகள் மாறின, 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஆனாலும் பிள்ளை தொட்டுப் பார்த்துக் கற்க வேண்டும் என்ற எண்ணம் தங்கிவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ம் செயல்பாடு மூலமாகவும் தானே கண்டுபிடித்தும் பிள்ளை கற்க வேண்டும் என்று சொல்கிறது.

நம் ஊரே பாடப்புத்தகம்: மூன்று பாடங்கள்

பேச்சு போதும், செய்து பார்ப்போம். மூன்றுக்கும் பெரிய செலவு இல்லை. தோல் ஷாப்புக்கோ கம்பெனிக்கோ பிள்ளையை அனுப்பவும் வேண்டாம்.

பாடம் 1 – கணக்கு. தோலை சதுர அடியில்தான் விலை பேசுகிறார்கள். ஒரு ஆட்டுத் தோல் 5 சதுர அடி, ஒரு ஜோடி அப்பருக்கு 2 சதுர அடி தேவை என்று வைத்துக்கொள்வோம். பலகைக் கணக்கில் 2 ஜோடி வரும், 1 அடி மிச்சம். இப்போது பழைய செய்தித்தாளைத் தோல் வடிவத்தில் கத்தரியுங்கள். அட்டையில் அப்பர் வடிவத்தை வெட்டி அதன் மேல் அடுக்கச் சொல்லுங்கள். கால் பக்கம் குறுகும், ஓரம் வளையும், இரண்டாவது ஜோடிக்கே இடம் இடிக்கும். திருப்பி அடுக்கினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும், முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும், அதனால் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்பதும் ஒரு கணக்குதான். கட்டிங் செக்ஷனில் வேலை செய்கிறவர் தினமும் போடுகிற கணக்கு இது. பரப்பளவு என்றால் என்ன என்று அன்றைக்குப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

பாடம் 2 – அறிவியல். நாம் ஆரத்தி கரைக்கிறோமே, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் ஏன் சிவக்கிறது? ஒரு வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைப் பூசிக் காய வையுங்கள். அதில் வெற்றிலைச் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சளாகும். சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம். தோலில் முடி கழல்வதற்குத் தொட்டியில் சுண்ணாம்பு போடுவதும் இந்தக் காரத்துக்காகத்தான். நம் ஆட்களின் கை கால் வெந்துபோனதும் அதே காரத்தால்தான். அடுத்து கடுக்காயைத் தட்டிக் கொதிக்க வைத்து, துருப்பிடித்த ஆணியை அதில் ஒரு நாள் போட்டு வையுங்கள். கறுப்பு மை கிடைக்கும். கடுக்காயிலும் ஆவாரம் பட்டையிலும் இருக்கிற துவர்ப்புதான் அந்தக் காலத்தில் தோலைப் பதமாக்கியது. (சுண்ணாம்பைப் பெரியவர்கள் மட்டும் கையாள வேண்டும். கண்ணில் படக் கூடாது. மையை வாயில் வைக்கக் கூடாது.)

பாடம் 3 – நம் தண்ணீர். இரண்டு கிணறு அல்லது போரிலிருந்து ஒவ்வொரு டம்ளர் தண்ணீர் எடுங்கள். ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் வற்றியதும் வெள்ளையாக என்ன மிஞ்சுகிறது? எந்தத் தட்டில் அதிகம்? தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு பாலாற்றுப் படுகையில் இறங்கியதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகள் மீது தீர்ப்பே சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படிக்கிற அளவுக்குப் பிள்ளை வளர வேண்டும். அதற்கு முதல் படி இந்த இரண்டு தட்டு.

கவனிக்க: எங்கே கோடு போட வேண்டும்?

கை வேலை நல்லது என்று சொன்னதும், "அப்போ பொண்ணு எனக்கு அப்பர் தைச்சுக் கொடுக்கட்டும், அதுவும் படிப்புதானே" என்று நினைத்துவிடக் கூடாது. ஜோடிக் கணக்குக்குப் பிள்ளை தைத்தால் அது உழைப்பு. அதில் அவள் புதிதாக ஒன்றும் கற்கவில்லை, அதே தையலை நூறு முறை போடுகிறாள். பீடிக்கும் இதே கணக்குதான்.

1986-ம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலேயே பீடி சுற்றுதல், தோல் பதனிடுதல், தீப்பெட்டித் தயாரிப்பு ஆகியவை பிள்ளைகளை வைக்கக் கூடாத வேலைகள். 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு, 14 வயதுக்குக் கீழே யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று ஆனது. 14 முதல் 18 வயது வரை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது, ஆபத்தான தொழிலுக்கு அது பொருந்தாது. எங்காவது பிள்ளைகள் வேலையில் மாட்டியிருந்தால் 1098-க்குப் போன் செய்யலாம்.

மறுபக்கமும் ஒன்று. இப்போது பள்ளியில் 'ப்ராஜெக்ட்' கொடுக்கிறார்கள். பிள்ளை தூங்கிவிடுகிறது, நாம் ராத்திரி உட்கார்ந்து தெர்மாகோல் வெட்டி ஒட்டுகிறோம். அல்லது கடையில் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்குகிறோம். மார்க் கிடைக்கும். பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளையே செய்யட்டும். தப்பாக வெட்டினால்தான் அடுத்த முறை அளந்து வெட்டும்.

நாம் என்ன செய்யலாம்?

* பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்துக்குப் போய் வாய் திறந்து கேளுங்கள்.

* 2012-ல் தமிழ்நாட்டில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை ஓவியம், உடற்கல்வி, தையல், தோட்டக்கலை, கணினி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். உங்கள் பள்ளியில் யார் இருக்கிறார்கள்? அந்த பீரியட் உண்மையில் நடக்கிறதா, வேறு பாடத்துக்குப் போய்விடுகிறதா? விசாரியுங்கள்.

* ஆண்பிள்ளைக்கு ஊசி, பெண்பிள்ளைக்குச் சுத்தியல். இரண்டு பேருக்கும் இரண்டும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

* தலைமை ஆசிரியர் சம்மதித்தால் மாதம் ஒரு பீரியட் நம் உறுப்பினர் ஒருவர் போய்த் தன் தொழிலை விளக்கலாம். கூடை முடைபவர், தையல் தெரிந்தவர், நாற்று விடுபவர், அப்பர் தைப்பவர் யாராக இருந்தாலும் சரி. "உங்க அம்மா டீச்சரா வந்தாங்க" என்று மற்றப் பிள்ளைகள் சொல்லும்போது நம் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

அந்த அக்காவுக்கு என் பதில்

அக்கா, நீங்கள் சொன்னது சரி. உங்கள் பெண் உங்கள் வேலைக்கு வர வேண்டாம். அவள் பேனாவே பிடிக்கட்டும். ஆனால் உங்கள் கைக்குத் தெரிந்தது அறிவே இல்லை என்று நினைத்துக்கொண்டு அவள் வளரக் கூடாது. ஒரு தோலைப் பார்த்ததும் எங்கே இழுபடும், எங்கே கிழியும் என்று உங்களுக்குத் தெரிகிறது. ஏன் அப்படி என்பதை அவள் பள்ளியில் கற்கட்டும். ஜோடிக்கு எவ்வளவு கூலி, கடையில் அந்த ஷூ என்ன விலை, நடுவில் பணம் எங்கே போகிறது என்று கணக்குப் போடவும் கற்கட்டும். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பெண்ணை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது. பெரிய வீட்டுப் பிள்ளையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியைப் பிடிக்கட்டும். அப்போதுதான் அந்த வேலைக்கு உரிய மரியாதை என்ன, கூலி என்ன என்று அதற்கும் புரியும்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் யார் யாருக்கு என்னென்ன கைத்தொழில் தெரியும்? பட்டியல் எழுதுங்கள்.
2. அந்தத் தொழிலில் எந்தக் கணக்கு, எந்த அறிவியல் ஒளிந்திருக்கிறது? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.
3. நம் பிள்ளைகளில் யாராவது பள்ளி விட்டதும் கூலிக்குத் தைக்கிறார்களா, பீடி சுற்றுகிறார்களா? ஒளிக்காமல் பேசுவோம். கடன் அதற்குக் காரணம் என்றால் குழு நிதியிலிருந்து என்ன உதவி செய்யலாம்?
4. மேலே சொன்ன நான்கு கேள்வியில் உங்கள் ஊர்ப் பள்ளி எத்தனையில் தேறும்?

மூன்று பாடங்களில் ஒன்றையாவது அடுத்த கூட்டத்துக்குள் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். என்ன நடந்தது என்று தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். இரண்டு தட்டு உப்பையும் மறக்காமல் காகிதத்தில் மடித்து, எந்தக் கிணறு என்று பெயர் எழுதி எடுத்து வாருங்கள். எல்லா ஊர் உப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்போம்.